ஒரு மூக்குக்கு இரண்டு குளிசை

“குளிசை என்ன படிச்சுப்போட்டே வயித்துக்குள்ள போகுது? அதை விக்கிறதுக்கு நீ ஏன் பிள்ளை நாலு வருசம் படிக்கோணும்?”

அப்பா ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டபோது அவர் மீன் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேள்வி முடியவும் முடிச்சு இறுகவும் சரியாக இருந்தது. மேற்கொண்டு கதைக்க இடமில்லை என்பதை அப்பா எப்போதும் கயிற்றால்தான் சொல்வார்.

இன்று காலை திருகோணமலை பஸ் நிலையத்தில் அந்தக் கேள்வி திரும்பவும் ஞாபகம் வந்தது. காரணம் ஒரு மான். எங்கள் ஊர் மான்களை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். காட்டில் புல் மேய வேண்டியவை, எங்கள் ஊரில் பஸ் நிலையத்தில் நின்று பயணிகளின் பைகளை மேயும். கண்டி பஸ்ஸில் ஏறுவதற்கு முன் நான் வாந்தி வராமல் இருக்கப் பயணக் குளிசை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் குளிசை சுற்றியிருந்த கலண்டர் தாளை ஒரு மான் ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. தாளில் குளிசை எதுவும் மிச்சமில்லை, பயப்பட வேண்டாம். இருந்தாலும் அந்த மானுக்குப் பயணக் குளிசை தேவைப்படாது. அது எங்கேயும் போவதில்லை.

குளிசையைக் கலண்டர் தாளில் சுற்றித் தந்தது அம்மா. கடையில் வாங்கும்போது அது மினுங்குகிற அட்டையில்தான் இருந்தது. அட்டையில் இருக்கிற குளிசையை அம்மா நம்புவதில்லை. பிரித்து எடுத்து, தாளில் மடித்து, கையில் தந்தால்தான் அவருக்கு அது மருந்து. அந்த மடிப்பைப் பிரித்தபோது காகிதமும் குளிசைத் தூளும் கலந்த ஒரு மெல்லிய கசப்பு வாசம் வந்தது. அந்த வாசம் என்னை நேரே நான் முன்பு வேலை செய்த மருந்துக்கடைக்கு, நானாவின் பாமசிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

பயணக் குளிசை வேலையைத் தொடங்க எப்படியும் கொஞ்ச நேரம் எடுக்கும். தொடங்கிவிட்டால் என் தலை கழுத்தில் நிற்காது. அதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று பஸ்ஸில் இருந்தபடி போனைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இடையில் எங்காவது எழுத்து சரிந்தால் அது என் தமிழின் குறை இல்லை, மருந்தின் குணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம், எங்கள் வாயில் கம்பஸ், கூப்பிடும் வரை எங்கள் நாட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிற காலத்தில் ஒரு குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிவிடும். அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் துறைமுகப் பக்கத்தில் இருந்த சின்னப் பாமசியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் நானா, கிண்ணியாப் பேச்சில் அண்ணன். கிண்ணியாவில் பாலம் கட்டுவதற்கு முன், வாகனமும் ஆட்களும் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறித்தான் கடலைக் கடப்பார்கள். அந்தக் காலத்துப் பழக்கத்தில் நானா பாலம் வந்த பிறகும் வெள்ளனவே வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிடுவார். பஸ் பாலத்தில் ஒரு நொடியில் கடந்துவிடும். பிறகு பூட்டிய கடைக்கு முன்னால் குந்தியிருப்பார். திறப்பு அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். நேரத்துக்கு முன் திறந்தால் வருத்தக்காரருக்கு அவசரப் பழக்கம் வந்துவிடும் என்பது அவருடைய கொள்கை.

என் வேலை குளிசைகளைச் சின்னக் காகித உறைகளில் போட்டு, எப்போது விழுங்க வேண்டும் என்று படம் கீறுவது. வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை. எங்கள் வீட்டில் பேனையைப் பிடித்து எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் காதில் ஒரு பேனை செருகியிருப்பார், ஆனால் அது வியாபாரத்துக்கு ஒரு மதிப்பு. அதில் மை இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. ஆகவே எனக்குப் பேனை கிடைத்தால் சும்மா ஒரு வட்டம் கீறி விடமுடியாது. என் சூரியன்களுக்குக் கண் இருக்கும், மூக்கு இருக்கும், பல்லுத் தெரியச் சிரிக்கும்.

“புள்ள, சூரியனுக்கு என்னத்துக்குப் பல்லு? வருத்தக்காரன் பயந்திருவான்” என்பார் நானா.

பயப்படவில்லை. ஒரு கிழவர் வந்து, “எனக்கு அந்தச் சிரிக்கிற குளிசை தாங்கோ, மற்றது கேக்குதில்லை” என்றார். இரண்டும் ஒரே போத்தலில் இருந்து எடுத்தவை. நானா அன்றைக்குப் பிறகு என் சூரியனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தக் கடையில்தான் மருந்தைப் பற்றி மனிதர்கள் என்னவெல்லாம் நம்புகிறார்கள் என்று கண்டேன். முழங்கால் நோவுக்குக் குளிசை வாங்கிய ஒரு மாமி, அதை விழுங்கியதும் நோகிற காலை மட்டும் நிலத்தில் ஊன்றி மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். மருந்து பிழையான காலுக்கு இறங்கிவிடக்கூடாதாம். ஒருவர் தலையிடிக் குளிசையை நெற்றியில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாளாகக் கட்டியிருக்கிறேன், கரைகிறதே இல்லை என்று முறைப்பாடு செய்தார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கதை தோடம்பழ இனிப்புக் கதை. சில்லறை இல்லாவிட்டால் நானா மிச்சத்துக்கு இரண்டு தோடம்பழ இனிப்பைக் கையில் வைத்துவிடுவார். ஒரு வள்ளக்காரர் இடுப்பு நிமிராத நாரிப்பிடிப்பு என்று வந்து, குளிசையையும் இனிப்பையும் வாங்கிக்கொண்டு போனார். மறுகிழமை நிமிர்ந்த நாரியோடு வந்தார். “அந்தச் செம்மஞ்சள் குளிசை அருமையான மருந்து. வெள்ளை சரியில்லை, அது அப்பிடியே கிடக்கு” என்று சொல்லி உறையைத் திருப்பித் தந்தார். நானா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

இப்போது படித்தவளாகச் சொல்கிறேன், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. மருந்து எடுத்துவிட்டோம் என்று முழுமனதாக நம்பினால் மூளை தன் கையிருப்பிலிருந்து நோவு குறைக்கும் சாமான்களைக் கொஞ்சம் எடுத்து விடும். நம் எல்லோருடைய தலைக்குள்ளும் ஒரு சின்னப் பாமசி இருக்கிறது. அதன் முதலாளியும் நானாவைப் போலத்தான், திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருப்பார். யாராவது நம்பிக்கையோடு வந்து தட்டினால் திறப்பார்.

இந்தக் கதைகளையெல்லாம் நான் பின்னேரங்களில் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். அம்மா சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார். நோகிற காலை ஊன்றி நிற்பதில் என்ன பிழை என்று கேட்பார்.

அப்படியிருக்கும்போதுதான் யாழ்ப்பாணத்துக் கம்பஸிலிருந்து கூப்பிட்டார்கள். மருந்து பற்றிய நாலு வருடப் படிப்பு. வருகிறேன் என்று அந்தக் கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. அப்பாவின் வாயிலிருந்து ஓம் வராமல் நான் வீட்டு வாசல் படலையைத் தாண்ட முடியாது. அப்பாவோ, நானாவின் கடையில் ஏற்கெனவே குளிசை கொடுத்துக்கொண்டிருக்கிற நான் அதையே படிக்க ஏன் யாழ்ப்பாணம் போகவேண்டும் என்று கேட்டுவிட்டுக் கயிற்றை இறுக்கினார். நான் முதலில் சொன்ன கேள்வி அதுதான்.

“குளிசை தன்ர பாட்டுக்குப் போகும் பிள்ளை. மூக்குக் குளிசை மூக்குக்குப் போகும், வயித்துக் குளிசை வயித்துக்குப் போகும். இதில படிக்க என்ன கிடக்கு?”

கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. தெருப் புழுதி முழுக்க வீட்டுக்குள் வரும். அப்பாவுக்குத் தும்மல் பிடித்துவிடும். அப்பாவின் தும்மல் தனித் தும்மல் இல்லை, கோர்வையாக வரும். பக்கத்து வீட்டு நாய் முதல் தும்மலுக்குக் குரைக்கும், இரண்டாவதுக்குக் கட்டிலுக்குக் கீழே போய்விடும். கம்பஸ் விசயத்தில் வாய் திறக்காமல் போன மூன்றாவதோ நாலாவதோ நாள் விடிய, தும்மல் தாங்காமல் அப்பா அலுமாரியைத் திறந்து, அதில் எப்போதும் கிடக்கும், சளிக்கும் தும்மலுக்கும் போடுகிற அந்தச் சின்ன மஞ்சள் தடிமன் குளிசையை எடுத்தார்.

“அப்பா, அது நித்திரை வரும். ஏலத்துக்குப் போயிட்டு வந்து போடுங்கோ” என்றேன்.

“இது மூக்குக் குளிசை. நித்திரைக்கு வேற குளிசை இருக்கு, எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு இரண்டை வாயில் போட்டார்.

“ஏன் ரெண்டு?”

“மூக்கில எத்தினை ஓட்டை?” என்று என்னைக் கேட்டார்.

கரையில் மீன் ஏலம் எப்படி நடக்கும் என்று சொல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது. வள்ளங்கள் வந்ததும் மீனை மணலில் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். ஏலகாரர் மரியான் அண்ணை குவியலுக்குப் பக்கத்தில் நின்று விலை கூறுவார். வாங்குகிறவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறந்தால் பக்கத்து வியாபாரிக்கு ஆசை தெரிந்துவிடுமாம். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை. ஒருவர் காதைச் சொறிவார். ஒருவர் சாரத்தை உயர்த்துவார். அப்பாவுக்குப் போட்டியாகச் சாம்பல்தீவுப் பக்கம் சைக்கிளில் மீன் கொண்டுபோகிற கந்தப்பு, எச்சிலை விழுங்குவார். அப்பாவின் சைகை தலையை ஒருதரம் தாழ்த்துவது. தலை தாழ்ந்தால் தாழ்ந்ததுதான். நினைக்கவில்லை, பார்க்கவில்லை என்று பிறகு யாரும் சொல்லமுடியாது. சொன்னால் அடுத்த நாள் கரையில் அவனுக்கு முகமில்லை.

அன்று நடந்ததை நான் காணவில்லை. மரியான் அண்ணை பிறகு பாமசிக்கு வந்து நடித்துக் காட்டியதால் எனக்குத் தெரியும்.

அப்பா வழக்கமான இடத்தில், கவிழ்த்துப்போட்ட பெட்டியில் உட்கார்ந்திருந்தாராம். தும்மல் நின்றுவிட்டது. முகத்தில் நல்ல அமைதி. முதல் குவியல் காரல். காரல் என்றால் தெரியும்தானே, உள்ளங்கை அளவு மீன், அதில் முக்கால்வாசி முள். அப்பா காரலைத் திரும்பியும் பார்க்காத ஆள், பாரையும் அறக்குளாவும் எடுக்கிறவர். மரியான் அண்ணை விலையைக் கூறினார். அப்பாவின் தலை தாழ்ந்தது. மரியான் அண்ணைக்கே ஆச்சரியம். ஒருவேளை எங்காவது பிள்ளைப்பேறு வீட்டில் தாய்க்குப் பால் ஊறச் சொதிக்குக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்து, மூன்று தரம் கூறிக் குவியலை அப்பாவுக்கு விட்டார்.

இரண்டாவது குவியலும் காரல். தலை தாழ்ந்தது.

“மூண்டாவது குவியலுக்கு உன்ர கொப்பன் ரெண்டுதரம் தாழ்த்தினார் பிள்ளை. தன்ர விலைக்கு மேல தானே ஏத்தினார். எனக்கு ஏலம் கூறத் தொடங்கினதில இருந்து அப்பிடி ஒரு ஆளைத் தெரியாது. கந்தப்பு பயந்து எச்சில் விழுங்கிறதையே நிப்பாட்டிப்போட்டார்.”

கரை முழுக்க ஒரே குழப்பம். நாளைக்கு ஏதோ நடக்கப்போகிறது, காரலுக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது, அது இந்த மனிதருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்று சனம் கதைக்கத் தொடங்கியது. சிலர் தாங்களும் காரல் கேட்டுப் பார்த்தார்கள். அப்பா விடவில்லை. தலை தாழ்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒருவரும் சீண்டாமல் கிடந்த ஒரு பெரிய திருக்கையும் அப்பாவுக்குத்தான் போனது. அதற்குப் பிறகு அப்பா ஒரு குறட்டை விட்டார். அப்போதுதான் மரியான் அண்ணைக்கு விளங்கியது. ஆனால் கூறி முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சின்ன டிராக்டர் வந்து நின்றது. பெட்டியில் காரல் மலை. மலையின் உச்சியில் திருக்கை, திருக்கைக்குப் பக்கத்தில் அப்பா, அரைக் கண்ணில்.

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். “இஞ்சருங்கோ! கடல்ல ஏதும் மிச்சம் விட்டுட்டு வந்தனீங்களோ?”

அப்பா இறங்கினார். சட்டையைத் தட்டினார். “வேணுமெண்டுதான் எடுத்தனான்” என்றார். கதிரையில் சாய்ந்து இருந்தார். மறுபடியும் நித்திரை.

அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கத்து வீடுகளும் மீன் வெட்டின. அயலில் உள்ள பெண்கள் எல்லோரும் கத்தியும் சட்டியுமாக வந்தார்கள். வெட்டினவர்களுக்கு ஒரு பங்கு, வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஒரு பங்கு. மிச்சத்துக்கு உப்புப் போட்டுப் பாயில் பரப்பினோம். நான் அன்று கடைக்குப் போகவில்லை. காரல் முள் குத்தாத விரல் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மத்தியானம் திரும்பியபோது அப்பா எழும்பி வெறுந்தேத்தண்ணி கேட்டார். குடித்துவிட்டு எங்களோடு நிலத்தில் இருந்து கத்தியை எடுத்தார். கொஞ்ச நேரம் வெட்டினார். பிறகு அம்மாவுக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். அம்மாவுக்குக் கேட்டது.

“பிள்ளை, மெய்யாச் சொல்லு. நான் மூக்குக்குத்தானே போட்டனான். அது ஏன் தலைக்குப் போனது?”

“அது மூக்குக்கு எண்டு போறேல்லை அப்பா. எல்லா இடத்துக்கும் போகும்.”

“முழங்காலுக்கும் போனதோ?”

“ஓம்.”

“சுண்டு விரலுக்கும்?”

“ஓம் அப்பா.”

அப்பா சுண்டு விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இஞ்ச ஒண்டும் செய்யேல்லையே.”

எனக்கு உயர்தர உயிரியல் புத்தகத்தில் இருந்த சொற்கள் எல்லாம் ஞாபகம் இருந்தன. ஏற்பி, தடுப்பி, இன்னும் வாயில் நுழையாத எத்தனையோ. அவற்றில் ஒன்றையும் காரல் குவியலுக்கு முன்னால் சொல்ல மனம் வரவில்லை.

“நீங்கள் விடியச் சாம்பல்தீவுக்குப் போறீங்கள். எந்த வீட்டில மீன் வேணுமெண்டு தெரிஞ்சே போறீங்கள்?”

“இல்லை. ஹோன் அடிச்சுக்கொண்டு எல்லா ஒழுங்கைக்கும் போவன். வேணுமெண்டவள் படலையைத் திறப்பாள்.”

“குளிசையும் அப்பிடித்தான். ரத்தம் போற ஒழுங்கை எல்லாத்துக்கும் போகும். பொருந்திற படலை இருக்கிற வீட்டிலதான் அதுக்கு வேலை. சுண்டு விரலிலயும் ஒண்டு ரெண்டு கிடக்கும், இண்டைக்கு அங்க வேலை இல்லை.”

“என்ர மூக்கில படலை இருக்கோ?”

“உங்கட மூக்கில படலை இல்லை, மதகு” என்றார் அம்மா.

அப்பா அதைக் காதில் எடுக்கவில்லை. நான் தொடர்ந்தேன். “உடம்பில ஒரு சாமான் இருக்கு. புழுதி பட்டால் அது மூக்கு வீட்டுக்குள்ள பூந்து கலவரம் பண்ணும். அதுதான் தும்மல்.”

“கந்தப்பு மாதிரி.”

“ஓம், கந்தப்பு எண்டே வையுங்கோ. கந்தப்பு ஒரு வீட்டுக்குள்ள போகாமல் இருக்க நீங்கள் என்ன செய்வீங்கள்?”

அப்பாவுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. “படலைக்குக் குறுக்கால சைக்கிளை விடுவன்.”

“வியாபாரம் நடக்காட்டிலும்?”

“நடக்காட்டிலும். அவன் உள்ள போகக்கூடாது.”

“அந்த மஞ்சள் குளிசை செய்யிறதும் அதுதான். தான் ஒண்டும் விக்காது. படலைக்குக் குறுக்கால சைக்கிளை விட்டுட்டு நிக்கும்.”

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. “கெட்டிக்காரக் குளிசை” என்றார்.

“ஆனால் அதே படலை மூளைக்குள்ளயும் இருக்கு. அங்க கந்தப்பு கலவரம் பண்ணுறேல்லை. அங்க அவன்தான் ஹோன் அடிச்சு ஊரை முழிப்பா வைச்சிருக்கிறவன். அந்தப் படலைக்கும் குறுக்கால சைக்கிளை விட்டால்?”

அப்பா யோசித்தார். “ஹோன் இல்லை. ஊர் எழும்பாது.” இன்னும் யோசித்தார். “அப்ப நான் நித்திரை கொண்டது கந்தப்புவாலயோ?”

“கந்தப்பு இல்லாததால.”

அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கந்தப்புவை நினைத்து வருந்தியது அன்றுதான். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். “ஆர் வேணுமெண்டாலும் மூளைக்குள்ள போகலாமோ? நேவி வாசல் மாதிரி ஒரு வாசல் இருக்காதோ?”

நேவி முகாமுக்கு அப்பா எத்தனையோ தரம் மீன் கொண்டுபோயிருக்கிறார். வாசலோடு சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

“இருக்கு அப்பா. கண்டதெல்லாம் உள்ள போகேலாது. இந்த மஞ்சள் குளிசை பழைய ஆள், பாஸ் இல்லாமலே நுழைஞ்சிடும். இப்ப புதுக் குளிசை இருக்கு. அதை அநேகமா வாசலிலயே மறிச்சுத் திருப்பி அனுப்பிடுவினம். மூக்கில வேலை செய்யும், நித்திரை குறைவு.”

“அப்ப ஏன் எங்கட அலுமாரியில பழசு கிடக்கு?”

“இந்த வீட்டில இன்னும் ஒருத்தரும் அதைப் படிக்கேல்லை.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்ல பதில் என்று எனக்கே தெரிந்தது. அப்பா ஒரு காரலை எடுத்து, அதன் வாலை வெட்ட வேண்டிய இடத்தில் தலையை வெட்டினார்.

பின்னேரம் அப்பா கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அம்மா காகம் கலைக்கிற தடியோடு காவல். வெயில் இறங்கிவிட்டது. நான் போய் முன்னால் நின்றேன். அந்தக் கிழமை முடிய அதிக நேரம் இருக்கவில்லை.

“அப்பா, நான் யாழ்ப்பாணம் போகட்டே?”

அப்பாவின் கண் மூடியிருந்தது. தலை மெதுவாகத் தாழ்ந்தது.

நான் அசையவில்லை. நித்திரையா, பதிலா? அம்மா கரைக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் அப்பா வீட்டில் மரியான் அண்ணையைப் போல் செய்து காட்டுவதை வருடக்கணக்காகக் கேட்டவர். தடியை உயர்த்தினார்.

“ஒருதரம்…”

ஒரு காகம் வந்து கருவாட்டில் இருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை.

“ரெண்டுதரம்…”

காகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது.

“மூண்டுதரம்!” என்று தடியால் சட்டியில் ஒரு அடி. அப்பா திடுக்கிட்டு எழும்பி, “ஆர் எடுத்தது?” என்றார்.

“நீங்கள்தான்” என்றார் அம்மா.

மறுநாள் விடிய நான் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா வாசலில் நின்று பார்த்தார். சைக்கிளுக்குப் போய் மீன் பெட்டியைக் கட்டத் தொடங்கினார். நான் கயிற்றையே பார்த்தேன். முடிச்சு இறுகியது.

“வேணுமெண்டுதான் எடுத்தனான்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்றைக்குச் சாம்பல்தீவில் படலை திறந்த எல்லோருக்கும் மீனோடு ஒரு செய்தியும் கிடைத்ததாம். மகள் யாழ்ப்பாணத்தில் படலை படிக்கப் போகிறாளாம். என்ன படிப்பு என்று விளங்காதவர்களுக்குச் சைக்கிளைக் குறுக்காக விட்டுக் காட்டினாராம்.

கரையில் அப்பா தன் சைகையை மாற்றினார். தலை வேண்டாம், இனி மூக்கைத் தொடுவது என்று மரியான் அண்ணைக்கு அறிவித்தார். அடுத்த தடிமனுக்கு மூக்கைத் துடைத்து இரண்டு பெட்டி கணவாய் வாங்கினார். அதற்குப் பிறகு சைகை காதுமடலை இழுப்பது.

இப்போது அந்தச் சைகை ஒன்றும் இல்லை. வள்ளம் கரைக்கு வருமுன்பே மீனின் படம் போனுக்கு வந்துவிடுகிறது. விலையைத் தட்டி அனுப்பினால் முடிந்தது. தூங்கி விழுந்தாலும் ஒரு காரல்கூட வாங்கமுடியாது. மரியான் அண்ணை குரலைப் பதிந்து அனுப்புகிறார், மூன்று தரம் கூறுவதற்குள் பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்களாம். நானா கடையை மூடிவிட்டுக் கிண்ணியாவிலேயே இருந்துவிட்டார். பாமசி இருந்த இடத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள், என் பல்லுச் சூரியன் கீறிய காகித உறை ஒருவரிடமும் இல்லை. கந்தப்பு வியாபாரத்தை விட்டு மகனோடு கனடா போய்விட்டார். அப்பாவுக்கு இப்போது மோட்டார் சைக்கிள். யாரும் போட்டிக்கு இல்லாத படலைகளுக்கு முன்னாலும் அதைக் குறுக்காகத்தான் விடுகிறார் என்று அம்மா சொல்கிறார்.

படித்தபோது ஒரு விசயம் தெரிந்துகொண்டேன். விடிய விழுங்கிய அந்த மஞ்சள் குளிசையின் நித்திரை, இரண்டாகவே இருந்தாலும், வெயில் இறங்குகிற நேரத்துக்கு அநேகமாகத் தெளிந்திருக்க வேண்டும். அதுவும் மத்தியானம் வரை குறட்டை விட்டு, தேத்தண்ணி குடித்து, ஒரு சட்டி மீன் வெட்டிய ஆளுக்கு. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன கிழமை வேறு ஒன்று கேட்டார். கண்டியில் எனக்கு மேற்படிப்புக் கிடைத்திருக்கிறது. எந்த மருந்து மூளைக்குள் போகும், எதை வாசலில் மறிப்பார்கள் என்கிற ஆராய்ச்சி. “படலைக்கு நாலு வருசம். வாசலுக்கு இன்னும் ரெண்டு வருசமோ?” என்று கயிற்றை எடுத்தார். இந்த முறை நான் முடிச்சுக்குக் காத்திருக்கவில்லை.

பஸ் கந்தளாய்க் குளத்தைத் தாண்டிவிட்டது. குளிசை வேலையைத் தொடங்கிவிட்டது. பயணக் குளிசையும் அந்த மஞ்சள் ஆளின் சொந்தக்காரன்தான், பாஸ் இல்லாமல் உள்ளே போகிறவன். என் தலையிலும் யாரோ படலைக்குக் குறுக்காகச் சைக்கிளை விட்டுவிட்டார்கள். பக்கத்து சீற்றில் தோப்பூர் ராத்தா ஒருவர், நானாவின் ஊர்ப் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. மாத்தளையில் இருக்கிற மகளிடம் போகிறார். சற்றுமுன் அவர் ஏதோ கேட்டார், என் தலை தாழ்ந்தது. கண் திறந்து பார்த்தால் என் மடியில் ஒரு பெரிய மூட்டை. வாசத்தைக் கொண்டே சொல்லிவிடலாம், காரல் கருவாடு.

“பாரமா இரிக்கா தங்கச்சி? வேணாமெண்டா தாங்க.”

“இல்லை ராத்தா” என்றேன். “வேணுமெண்டுதான் எடுத்தனான்.”